பின் வில்லில் உருவிய நான்கு பட்டைகள்

அன்பு மச்சானுக்கு,

உங்கள் தங்கைக்கு எழுத்துத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். உங்கள் காரை இன்னும் நான்தான் வாடகைக்கு ஓட்டுகிறேன். சேலம் சவாரி வந்தால் மட்டும் முடியாது என்று சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்ட உங்களைப் பின் சீட்டில் படுக்க வைத்து நாமக்கல்லிலிருந்து கிளம்பினோம். தெருமுனைப் பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் "ஐயோ சாமி!" என்று அலறினீர்கள். சேலம் வரை கப்பி ரோடு. அந்த அலறலைக் கேட்டுக்கொண்டு யாரால் ஓட்ட முடியும்? வண்டியை வீட்டுக்கே திருப்பிவிட்டேன்.

பின் அச்சின் மேல் இரும்புப் பட்டைகளாய் அடுக்கிய வில்லை இளக்கினால் குலுக்கல் குறையும் என்று நினைத்தேன். பெரிய கெட்டிக்காரன்! ஜாக்கி கொடுத்துத் தூக்கி, பக்கத்துக்கு இரண்டு பட்டைகளை உருவினேன். வில்லின் முனையை வண்டியோடு பிணைத்து ஆடும் கண்ணி துருப்பிடித்துக் கிடந்தது. கழற்றி, எண்ணெய் விட்டு, தாராளமாக ஆடும்படி மாட்டினேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் வண்டி சாயுமே என்று வலப்பக்கத்தை மறுபடியும் பிரித்தேன்.

"போதுமுங்க மாப்ள, இப்படியே போலாமுங்க" என்றீர்கள் கட்டிலில் கிடந்தபடி.

"சும்மா இருங்க மச்சான்!" என்று அதட்டினேன். இந்த வாயை என்ன செய்வது? ஒன்றரை மணி நேரம் போய்விட்டது.

மறுபடி கிளம்பி ஆண்டகலூர் தாண்டும்போது உங்கள் முனகல் நின்றது. "ஏனுங்க மாப்ள, இப்ப வலியே இல்லீங்க. தொட்டில்ல படுத்தாப்பல இருக்குதுங்க" என்றீர்கள். உங்கள் தலையை மடியில் வைத்திருந்த தங்கை சந்தோஷத்தில் என் தோளைத் தட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சுகம் கெடக்கூடாதென்று இன்னும் மெதுவாக ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை மட்டும் தனியே அழைத்தார்.

"வலி எப்போ நின்னுச்சு?"

"ஆண்டகலூருப் பக்கமுங்க."

"குடல்வால் அங்கதான் வெடிச்சிருக்கு. வெடிச்சா வலி கொஞ்ச நேரம் அடங்கும். ரெண்டு மணி நேரம் முன்னால கொண்டாந்திருந்தா அறுத்துக் காப்பாத்தியிருக்கலாம்பா."

அன்றே நினைவு தப்பி, மூன்றாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் தங்கை சொல்கிறாள்: "எங்கண்ணன் வலியில்லாமப் போச்சுங்க. எல்லாம் இவிய கைராசிங்க." அதைக் கேட்டதும் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். எனக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால் அவளுக்கு மிஞ்சிய ஒரே ஆறுதலும் போய்விடும். சொல்லாவிட்டால் உங்கள் சாவில் நான் நல்ல பேர் வாங்கித் தின்கிறேன். எது மச்சான் பெரிய பாவம்? இப்படி ஒன்று வந்தால் உங்களைத்தானே கேட்பேன்?

அவளிடம் சொல்லமாட்டேன். ஆனால் இனி எழுந்து போகவும் மாட்டேன், இது சத்தியம். அவள் என்னைப் புகழும் ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே உட்கார்ந்து, கடைசி வார்த்தை வரை கேட்பேன்.

நீங்கள் நம்பித் தங்கையைக் கட்டிக்கொடுத்த
மாப்பிள்ளை