சக்கை இல்லாத கடை

மார்ச் 4

சம்பந்தியம்மாவுக்கு,

இங்க நான் சௌக்கியம். உங்க சௌக்கியத்தைக் கேக்கவே வேண்டாம், கடுதாசியில திட்டு அவ்வளவு தெம்பா இருந்துச்சு.

"ஊர்ல இருக்கிற பீர்க்கடையை எல்லாம் பத்தி மாசாமாசம் தாள் போடுறீங்களே, என் மகன் கடை மட்டும் கண்ணுல படலையா"ன்னு கேட்டிருக்கீங்க. பட்டுச்சு. அதான் தொல்லையே.

பஸ் ஓட்டின காலத்துல ஒரு சொட்டு தொட்டதில்ல நான். இப்ப கையில ஸ்டியரிங் இல்ல, கிளாஸ் இருக்கு. கடைக்கு ஒரு கிளாஸ். பார்த்ததை எழுதுறேன், அச்சாபீஸ்காரர் அடிச்சுத் தர்றார், கடைக்காரங்க சுவத்துல ஒட்டிக்கிறாங்க. ஊர்ல என் பேரு இப்ப "நுரை". நீங்க எனக்கு வச்சிருக்கிற பேரைவிட நல்ல பேருதான்.

பாலத்தடியில ஒரு கடை, ஒரு அம்மா தானே நின்னு காய்ச்சுறாங்க. ஒரு வாய் குடிச்சேன், புளிப்பு. "கெட்டுப்போச்சும்மா"ன்னேன். "புளிக்கிறதுக்குத்தான் பெரியவரே நாலு மாசம் காத்திருந்தேன்"னு சிரிச்சாங்க. என் மூஞ்சி போன போக்கை நீங்க பார்த்திருக்கணும், ஒரு வாரம் சந்தோசமா இருந்திருப்பீங்க. பழைய தீயணைப்பு நிலையத்துல ஒண்ணு. வண்டி நின்ன இடத்துல டாங்கு நிக்குது, பீர் கறுப்பா, கருகின ரொட்டி வாசனையோட. ஆத்தோர ஃபேக்டரியில ஆளே கண்ணுல படல. பொத்தான்தான் காய்ச்சுது. ருசியும் பொத்தானைச் சப்பின மாதிரிதான்.

எங்க போனாலும் நான் முதல்ல பார்க்கிறது பின்வாசலை. தானியத்தை வேகவச்சு சாறை இறுத்தா சக்கை மிஞ்சும். தொட்டியில ஆவி பறக்கக் கிடக்கும், மாட்டுக்காரர் வந்து அள்ளிட்டுப் போவார். சக்கை கிடந்தா அங்க காய்ச்சுறாங்கன்னு அர்த்தம்.

உங்க மகன் கடைப் பின்னாடி தொட்டியே இல்ல. மாட்டுக்காரர்கிட்ட கேட்டேன். "அங்க என்னத்தை அள்ள? சிகரெட் துண்டை எம்மாடு திங்காது"ங்கிறார். பேசிக்கிட்டு நிக்கும்போதே ஆத்தோர ஃபேக்டரி லாரி வந்து பீப்பாய் பீப்பாயா இறக்குச்சு. உள்ள போனா கண்ணாடிக்குப் பின்னாடி பளபளன்னு செம்பு அண்டா. அதுக்கு மேல பலகை: "எங்கள் கையால் இங்கேயே காய்ச்சியது."

மாப்பிள்ளை கிளாஸை நீட்டி, "எப்படி இருக்கு மாமா?"ன்னார்.

"நல்லா இறக்கியிருக்கீங்க மாப்பிள்ளை"ன்னேன்.

பக்கத்துல நின்ன என் மக முகம் சுண்டிப்போச்சு.

அதனாலதான் எழுதல.

இப்படிக்கு,
அஞ்சாவதோட நின்னு பள்ளிக்கூடத்தைக் காப்பாத்தின உங்க சம்பந்தி


மார்ச் 13

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் தலைமையாசிரியையாக இருந்த பள்ளியில் இப்படி எழுதினால் முட்டி போட வைத்திருப்பேன்.

பெண் கொடுத்த இடத்தில் பின்வாசலில் போய் நின்று எட்டிப் பார்த்திருக்கிறீர்கள். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என் மகன் முதன்முதலாகத் தொழில் தொடங்கியிருக்கிறான். தொடக்கத்தில் யாருக்குத்தான் கை தடுமாறாது? உங்கள் தாளைப் பார்த்துத்தான் ஆட்கள் கடை தேடிப் போகிறார்களாம். நாலு நல்ல வரி எழுதினால் குறைந்துவிடுவீர்களா? பொய் சொல்லச் சொல்லவில்லை. நாற்காலியைப் பற்றி எழுதுங்கள், விளக்கைப் பற்றி எழுதுங்கள்.

எழுதாவிட்டால் இனி உங்களோடு பேசுவதாக இல்லை என்று உங்கள் மகள் சொல்லச் சொன்னாள். இதை மிரட்டலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


மார்ச் 29

சம்பந்தியம்மாவுக்கு,

மிரட்டல் கிடைச்சுது. கையெழுத்து முத்து முத்தா இருக்கு.

நாற்காலி நல்லாத்தான் இருக்கு. நாற்காலிக் கடை போடச் சொல்லுங்க, முதல் ஆளா வந்து உக்காந்துக்கிட்டே எழுதுறேன்.

மக சொன்னபடி பேச்சை நிறுத்திட்டா. ஞாயித்துக்கிழமை வர்ற போன் வரல. மார்க்கெட்ல எதிர்ல வந்தவ, என்னைக் கண்டதும் வெங்காயத்தை அப்படி உத்துப் பார்த்தா, வெங்காயத்துக்கே கண்ணு கலங்கியிருக்கும். வீட்ல ரேடியோவைச் சத்தமா வச்சுக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர், "காது மந்தமா?"ங்கிறார். ஆமான்னுட்டேன்.

ஆனா எழுதமாட்டேன். பாலத்தடி அம்மாவுக்கு ரெண்டு கையிலயும் வெந்த தழும்பு. உங்க மகன் பலகையில இருக்கிற அதே வார்த்தைதான் அவங்க கடைப் பலகையிலயும் இருக்கு. ரெண்டையும் ஒரே தாள்ல ஒண்ணுபோலப் போட்டுட்டு, அவங்க முன்னாடி எந்த மூஞ்சியோட கிளாஸை நீட்டுவேன்?

உங்க பேச்சையும் தட்டக்கூடாதுன்னு இந்த மாசம் உங்க மகன் கடைப் பேரைப் பெரிய எழுத்துல போட்டேன். அதுக்குக் கீழ கட்டம் கட்டி, வெறுமனே விட்டுட்டேன். அச்சாபீஸ்காரர், "மை தீர்ந்துடுச்சா?"ன்னார். "காய்ச்சினதும் நிரப்பிக்கலாம், அடிங்க"ன்னேன்.

பேச்சுத்துணைக்கு ஆளில்லாத,
நுரை


ஏப்ரல் 7

சம்பந்திக்கு,

ஊரே அந்தக் கட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறதாம். ஒருவர் அதற்குள் லாரி படம் வரைந்து கொண்டுவந்து கல்லாவில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என் மகன் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டில் கிடக்கிறான். திருப்திதானே?

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அவன் காய்ச்சாமல் இல்லை. கடை திறப்பதற்கு முன்பு இரண்டு முறை காய்ச்சினான். இரண்டும் கெட்டுவிட்டன. விற்க மனம் வராமல், அவனும் உங்கள் மகளும் அத்தனையையும் சாக்கடையில் கொட்டினார்களாம். அன்று பயந்தவன்தான், பிறகு அண்டாவைத் தொடவில்லை. இதையெல்லாம் நேற்றுத்தான் என்னிடம் சொன்னான். போனிலேயே அழுதான்.

இனி நமக்குள் கடிதம் வேண்டாம். இதற்குப் பதில் எழுதாதீர்கள்.


ஏப்ரல் 22

சம்பந்தியம்மாவுக்கு,

இது பதில் இல்ல, சேதி. அதனால படிக்கலாம்.

கெட்டதைக் கொட்டினாங்கன்னு நீங்க எழுதித்தான் எனக்குத் தெரியும். அன்னைக்குத்தான் மாப்பிள்ளை மேல எனக்கு நிஜமா மரியாதை வந்துச்சு. விக்க மனசு வராத ஆளு அந்தப் பலகையை எப்படி மாட்டினார்? அதைக் கேட்கத்தான் செய்வேன். கட்டம் போட்டதுக்கு வருத்தப்படல. நீங்க வருத்தப்படச் சொன்னாலும் படமாட்டேன்.

நேத்து மக வந்தா. பையிலேருந்து ஒரு பாட்டிலை எடுத்தா. நம்ம வீட்டு கிளாஸை ரெண்டு தடவை கழுவினா, ஊத்தினா, இடுப்புல கையை வச்சுக்கிட்டு நின்னா. கையில சூட்டுக் கொப்புளம். அவங்களே காய்ச்சியிருக்காங்கன்னு கேட்காமலே தெரிஞ்சுது.

குடிச்சேன். சம்பந்தியம்மா, ஈரத்துணியை நெருப்புல வாட்டின மாதிரி ஒரு நாத்தம். நுரை ஊத்தும்போதே ஓடிப்போச்சு. தொண்டையில ஏதோ நெருடுச்சு, தவிடா இருக்கும்.

"எப்படி?"ன்னா. ஒரு மாசத்துக்கப்புறம் முதல் பேச்சு.

பொய் சொல்லிடலாமான்னு ஒரு நிமிசம் நெனச்சேன். சொல்லியிருந்தா அப்பவே அவளுக்குத் தெரிஞ்சிருக்கும், பாட்டிலை எடுத்துக்கிட்டுப் போயிருப்பா.

"மட்டம்"னேன். "மகா மட்டம்."

"அவர்கிட்ட நானும் அதான் சொன்னேன். எழுதுங்க."

"என்னன்னு?"

"மட்டம்னு. வேறென்ன?"

"உன் மாமியார் என்னை உயிரோட விடுவாங்களா?"

"அவங்களை நான் பார்த்துக்கிறேன். ஒரு எழுத்து மாத்தக்கூடாது."

நாளைக்கு அச்சாகுது, அப்படியே. நீங்க திட்டுறதா இருந்தா இந்தத் தடவை உங்க மருமகளையும் சேர்த்துத் திட்டணும், மை நிறைய வாங்கி வச்சுக்கங்க.

அவ அப்புறமும் போகல. எதிர்ல உக்காந்து, எவ்வளவு சூட்டுல விட்டாங்க, எங்க கருகுச்சு, புருசன் எப்படி முழிச்சார்னு கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கிட்டே இருந்தா. நான் தலையாட்டிக்கிட்டே, அந்த நாத்தம் புடிச்ச கிளாஸை அடி வரைக்கும் குடிச்சேன்.

இப்படிக்கு,
உங்க மருமகளோட அப்பா