எதிர்வாய்ப் பலகையைத் திருப்பி அனுப்ப வேண்டா

உப்பும் முத்தும் விளையும் கழிமுக நாட்டைக் குடைநிழலில் வைத்தாளும் அரசி, அலைக்கும் அவைக்கும் அஞ்சாத வானவன் நங்கையார் திருமுன் இவ்வோலை சென்று பணிக. தங்கள் நாட்டில் மழை வேளைக்குப் பெய்க. கழியில் மீன் பெருகுக. மன்றத்தில் கொட்டாவி குறைக.

விடுப்பவர், குறும்பொறை நாட்டுக் கோ மகிழ்கடம்பர் ஆணைப்படி, அந்நாட்டின் நடுவர் நாயகமாய் இருந்து அண்மையில் கோல் இறக்கிய இளஞ்சாத்தனார். இளமை அவர் பெயரில் மட்டுமே மிச்சம். மற்றதை வழக்காடிகள் தின்று தீர்த்தார்கள். அவர் கேட்டிருந்த பொய்களை அடுக்கினால் எம் குன்றுக்குப் பக்கத்தில் இன்னொரு குன்று எழும். அதற்கும் எல்லைத் தகராறு வரும்.

தங்கள் நாட்டு வலைஞரும் உப்பளத்தாரும் கழிவாய் யாருக்கு என்று ஓயாமல் மோதுவதாகவும், எம் நாட்டில் பூசல் தீர்க்கும் எதிர்வாய்ப் பலகையைச் சில காலம் இரவலாகத் தரவேண்டும் என்றும் தாங்கள் எழுதியதைக் கோ படித்தருளினார். பலகையின் குணம் இளஞ்சாத்தனாரின் இடுப்புக்குத்தான் தெரியும், ஆகையால் அவரே விடை எழுதுக என்று பணித்தார். எனவே பலகையோடு அதன் கதையையும் அனுப்புகிறார்.

வழக்கம் இது. பூசலிட்ட இரு தரப்பாரும் ஒரே பலகையின் இரு முனையில் அமர வேண்டும். தன் மனக்குறையைச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. எதிரியின் குறையைத்தான் சொல்ல வேண்டும், அதுவும் எதிரி ஆம் என்று ஒப்பும்வரை. ஒப்பிவிட்டால், சொன்னவரே அக்குறையைத் தீர்க்கக் கடமைப்பட்டவர். இருவரும் சொல்லி இருவரும் ஒப்பியபின், ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுத்து வீட்டுக்குச் சோறுண்ணப் போவார்கள். அதுவரை பூசலுக்குரிய பொருளை எவரும் தொடலாகாது; நடுவரும் ஊர் திரும்பலாகாது.

நடுவர் இளஞ்சாத்தனாருக்குக் கடைசியாக வந்தது ஒரு நீர் வழக்கு. முடிந்ததும் ஓய்வு என்று கோ வாக்களித்திருந்தார். குவளையேரியின் ஒற்றை மதகிலிருந்து முதல் நீர் மேல்மடை ஊருக்கா, கீழ்மடை ஊருக்கா என்பதே பூசல். மேல்மடைக்கு வாய், விடங்கன். அவன் தும்மினால் அயல்நாட்டுப் படை கூடாரம் பிரிக்கும். கீழ்மடைக்கு உய்யவந்தாள், அவள் நாவைக் கண்டால் தேளே ஒதுங்கி வழிவிடும்.

விடங்கன் எழுந்து கீழ்மடையின் குறையைச் சொன்னான். கடைவாய்க்கால் வயலுக்குத் தண்ணீரின் பேச்சு வருகிறதேயன்றித் தண்ணீர் வருவதில்லை என்றும், அங்கே தவளைகூடக் குடம் எடுத்துக்கொண்டு மேல்மடைக்கு வருகிறது என்றும் அவன் உருகியபோது கீழ்மடைப் பெண்கள் விம்மினார்கள். ஆம் என்றார்கள். உய்யவந்தாள் சும்மா இருப்பாளா? ஏரிக்கரை உடையும்போதெல்லாம் மண் சுமப்பது மேல்மடையான், கரை நின்றபின் வரிசையில் நிற்கச் சொன்னால் அவன் வயிறு எரியாதா என்று அவள் கேட்டதில் மேல்மடைக் கிழவர்கள் மேல்துண்டை நனைத்தார்கள். அவர்களும் ஆம் என்றார்கள்.

நடுவர் தம் மூட்டையைக் கட்டத் தொடங்கினார். அங்கேதான் ஏமாந்தார்.

பாதி கொடுக்க நான் என்ன கஞ்சனா, கடமையை முழுதாகத் தீர்ப்பேன், முதல் நீர் கீழ்மடைக்கே என்றான் விடங்கன். அவன் பிச்சை இங்கே எவருக்கும் வேண்டா, முதல் நீர் மேல்மடைக்கே, மறுத்தால் மண்டை உடையும் என்றாள் உய்யவந்தாள். நேற்றுவரை எனக்கு எனக்கு என்று ஓங்கிய தடிகள் இன்று உனக்கு உனக்கு என்று ஓங்கின. வாங்கிக்கொள்பவர் தோற்றவர் ஆவார். ஆகவே வாங்க ஆளில்லை. மதகு அடைத்தபடியே கிடந்தது. ஏரி தளும்ப, கீழே இரண்டு ஊர் நாற்றும் மஞ்சளாயிற்று.

நடுவரின் மனைவி நல்லமங்கையார் ஆள் விட்டிருந்தார்: கொல்லைச் சுவர் விழுந்துவிட்டது, கட்டிலில் அவர் பக்கம் ஆடு படுக்கிறது, முகமும் மறந்து வருகிறது, அடையாளம் சொல்லி அனுப்புக என்று. அதைக் கேட்ட அன்று நடுவருக்குச் சினம் வரவில்லை. சினத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. ஆசனத்தை விட்டு இறங்கி, பலகையின் நடுவில், இருவருக்கும் இடையே போய் உட்கார்ந்தார். தமக்கும் ஒரு குறை உண்டு, அது இரண்டு ஊரின்மேலும், இரண்டு ஊரும் சேர்ந்தே அதைச் சொல்லவேண்டும் என்றார்.

நடுவருக்கு வாயுத்தொல்லை, மேல்மடை மோர் வேண்டும் என்றான் விடங்கன். இல்லை என்று தலையசைத்தார். கீழ்மடையில் பந்தலிட்டு அவரை வரவேற்காத கோபம், அந்தப் பழியும் விடங்கனையே சேரும் என்றாள் உய்யவந்தாள். அதுவும் இல்லை. சொல்லச் சொல்லச் சொல் தீர்ந்தது. வேறு வழியின்றி இருவரும் முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். வீங்கிய கால். உட்கார்ந்தபடியே சொருகும் கண்.

இவருக்கு யார் முதல் என்பதெல்லாம் வேண்டா, எப்படியாவது தண்ணீர் ஓடினால் போதும் என்று மெல்லத் தொடங்கினான் விடங்கன். ஓடினால் வீட்டுக்குப் போவார், நாம்தான் போகவிடவில்லை, நாற்றையும் சாகடிக்கிறோம் என்று முடித்தாள் உய்யவந்தாள்.

ஆம் என்றார் நடுவர்.

ஒப்பியாயிற்று, சொன்னவர் தீர்க்க வேண்டும். இருவரும் ஒன்றாகத் தோள் கொடுத்து மதகைத் தூக்கினார்கள். இரண்டு வாய்க்காலிலும் ஒரே நேரத்தில் நீர் இறங்கிற்று. பாதி நாற்று பிழைத்தது. மறுபாதி மஞ்சளாகவே போயிற்று. அதைத் தங்களிடம் மறைக்க அவருக்கு மனமில்லை.

ஆகையால் அரசி அறிக: இப்பலகை பூசலை அழிக்காது. பகைவரை உறவாக்கும் என்று எவனாவது சொன்னால் அவன் அதில் உட்கார்ந்ததில்லை. தண்ணீர் ஓடும் அளவுக்கு மனிதரைச் சற்றே தள்ளி உட்காரவைக்கும், அவ்வளவே. அதற்கே ஒரு நடுவரின் இடுப்பு செலவாகிறது. வலைஞரும் உப்பளத்தாரும் தீராமல் முறைத்துக்கொண்டிருக்கட்டும். கழிவாய் திறந்திருந்தால் தாங்கள் வென்றதாகவே கொள்க.

இதை முடிக்கும் வேளையில் ஒரு செய்தி வந்தது. நடுவரின் குறையைச் சரியாகச் சொன்னது விடங்கனின் தொடக்கமா, உய்யவந்தாளின் முடிவா என்று மேல்மடையும் கீழ்மடையும் மன்றத்தில் வழக்கிட்டிருக்கின்றனவாம், பலகையைத் தேடுகின்றனவாம்.

ஆகவே தாங்கள் இரவல் கேட்ட பலகை, ஞாயிறும் திங்களும் உள்ளவரைக்கும் தங்களுக்கே கொடையாயிற்று. திருப்பி அனுப்ப வேண்டா. சுமந்து வருவோர் வழியில் எவர் கூப்பிட்டாலும் நில்லற்க, திரும்பிப் பாரற்க, எல்லைக்கல் கடக்கும்வரை இளைப்பாறற்க. இது கடம்ப முத்திரை இட்ட ஆணை.

நடுவர் நாயகமாயிருந்த இளஞ்சாத்தனார் எழுத்து. எழுதிய இடம், தம் வீட்டுக் கட்டில்; ஆடு இறங்கிவிட்டது.