முட்டிக்குள் கிடந்த ஈயம்

அண்ணனுக்குத் தங்கை எழுதிக்கொள்வது.

இங்கு எல்லோரும் நலம் என்று எழுத மனம் வரவில்லை. அம்மாவிடம் நீ போனில் சொன்னது என் காதுக்கு வந்தது. "குடிகாரனோட எதுக்கு மல்லுக்கட்டுறா, விட்டுட்டு வரச் சொல்லு" என்றாயாம்.

அவர் குடிக்கவில்லை. பேக்கரியில் மூட்டை மாவைப் பிசைந்தவருக்குக் கை மணிக்கட்டோடு தொங்கிப்போனது. அடுப்பிலிருந்து எடுத்த தட்டு நழுவி ரொட்டியெல்லாம் தரையில். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பார். ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுவார். முதலாளியும் உன்னைப் போலத்தான் நினைத்தார். வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்தார்; வாடை வராதபோதும் இனி வர வேண்டாம் என்றுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "பேட்டரி கம்பெனில வேலையா? பெயின்ட் அடிக்கிறவரா?" என்று கேட்டார். ரத்தத்தில் ஈயமாம். நான் அவருடைய முட்டித் தழும்பைக் காட்டினேன். உன் குண்டு உள்ளே சிதறியபோது, எடுக்கப் போனால் கால் போய்விடும், இருந்தால் ஒன்றும் செய்யாது என்று தைத்து அனுப்பினார்களே, அந்தத் துண்டுகள்தான். மூட்டு நீரில் ஊறி ஊறி இத்தனை வருடமாக ரத்தத்தில் கலந்திருக்கின்றன. நீ சுட்டது அன்றோடு முடியவில்லை, அண்ணா.

நீ துப்பாக்கியைத் துடைக்கும்போது தவறி வெடித்துவிட்டது என்று போலீசில் சொல்லி உன்னைக் காப்பாற்றியவர் அவர். "ஆயிரம் இருந்தாலும் உன் கூடப்பிறந்தவன், விட்டுடு" என்று என் வாயையும் அடைத்தார். "இந்தக் கால்லதான வந்து எங்க வீட்டுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போன" என்று சொல்லி நீ குறி பார்த்தபோது நான் பக்கத்தில் நின்றேன். உன்னை மன்னித்தவர் அவர். இப்போது அந்த ஈயத்தால் அவருக்கு ஞாபகம் மறந்து போகிறது. "மச்சான் ஏன் நம்ம வீட்டுக்கு வர்றதே இல்ல?" என்று என்னிடம் கேட்கிறார். எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

போன வாரம் முட்டியைத் திறந்தார்கள். எல்லாத் துண்டுகளும் வரவில்லை. வந்ததைக் குப்பையில் போட வேண்டாம் என்றேன். டாக்டரம்மாவே சீல் வைத்துப் போலீசில் ஒப்படைத்தார். நானும் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். "எனக்கு இருக்கிறது ஒரே பையன்டி" என்று அம்மா அழுதாள். எனக்கும் ஒரே புருஷன்தான் என்றேன்.

உனக்குச் சம்மன் வரும். வேளாவேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். எதையும் மறக்காமல் நீ நூறு வருடம் உயிரோடு இருக்க வேண்டும், மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவள்