குதி ஊனாதே

மரக்காணம்
சித்திரை 14

அன்பு மகள் ரேணுகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் பாப்பாவும் உப்புக்காற்றில் கருத்துப்போனாலும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். நீ மஸ்கட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நைட் டூட்டி முடிந்ததும் ஒழுங்காகத் தூங்கி, நல்லபடியாக இருக்கிறாய் என்று தெரிந்தால் எனக்கு அதுவே போதும். தினமும்தான் வீடியோவில் முகத்தைப் பார்க்கிறோமே, இது என்ன புதுசாகக் கடிதம் என்று யோசிப்பாய். போனை எடுத்தால் பாப்பா பிடுங்கிக்கொள்கிறாள், அவள் விட்டால் உன் அப்பா வாங்கி, அங்கே வெயில் எப்படி என்று அரைமணி நேரம் வெயிலையே பேசுகிறார். எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தைரியம் இல்லை. சவரிமுத்து மகள் ஆரோக்கியசெல்வி லீவு முடிந்து வியாழக்கிழமை உங்கள் ஊருக்கே திரும்புகிறாளாம், அவளிடம் நெத்திலிக் கருவாட்டோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டு வாசம் அடித்தால் பொறுத்துக்கொள். பத்தாங் கிளாஸ் வரை படித்தவள்தான், ஆனாலும் எழுதி ரொம்ப நாளாயிற்று, எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

பாப்பா பெங்களூரில் போட்டியில் ஆடியதையும், ஜெர்மனியில் ஒரு பாலே பள்ளி அவளை இரண்டு வருஷம் தங்கவைத்துச் சொல்லித்தருவதாக ஸ்காலர்ஷிப் கொடுத்திருப்பதையும் அவளே உன்னிடம் கத்திக் கூப்பாடு போட்டுச் சொல்லிவிட்டாள். உன்னிடம் சொல்லாமல் விட்டது இதுதான். சம்மதப் படிவத்தில் அப்பா அம்மா இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். உன் அப்பா படிவம் வந்த அன்றைக்கே போட்டுவிட்டார். நான் இன்னும் போடவில்லை. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடுமாம். பதினோரு நாளாகப் படிவம் அரிசி டப்பாவின் மேலே கிடக்கிறது. செந்தமிழ் என்று பெயர் வைத்தோமே, வாய் மூடாத அந்தப் பிள்ளை இப்போது ஒரு வார்த்தை கேட்பதில்லை. அரிசி எடுக்க வரும்போது அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அளந்துகொண்டு, மறுபடி டப்பாவின் மேலேயே வைத்துவிட்டுப் போகிறாள். அதைப் பார்க்கத்தான் எனக்கு நெஞ்சு தாங்கவில்லை.

முதலில் பெங்களூர் கதையைச் சொல்கிறேன், பாப்பா தன் பெருமையை மட்டும்தான் சொல்லியிருப்பாள். அவள் எப்படி இந்த ஆட்டத்துக்குப் போனாள் என்பது உனக்கே தெரியும். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லாதபோது நான் ஆரோவில்லில் ஒரு கட்டிடத்தில் கூட்டித் துடைக்கப் போவேன், கீழ்புத்துப்பட்டில் பஸ் இறங்கி அவளையும் கையில் பிடித்துக்கொண்டு நடப்பேன். அப்போது அவளுக்கு எட்டு வயசு. நான் துடைத்த தரை காய்வதற்குள் அவள் குறுக்கே நடந்தாள், அடி விழும் என்று பயந்துகொண்டு விரலை முன்னால் வைத்து, குதிகால் படாமல், காற்று மாதிரி போனாள். அதைப் பார்த்துவிட்டுத்தான், அங்கே பாலே சொல்லித்தருகிற கத்ரீன் அம்மா, இந்த நடையை யார் சொல்லிக் குடுத்தாங்க என்று கேட்டார். நாந்தாங்க என்றேன், பெருமையாகத்தான் சொன்னேன். உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நீயும் என்னோடு பாத்தியில் இறங்கியவள்தான். உப்பு விளைந்த பாத்தியில் குதியை வைத்து நடந்தால் அடியில் இருக்கிற களிமண் பெயர்ந்து உப்பில் கலந்து எல்லாம் பழுப்பாகிவிடும். குதி ஊனாத, குதி ஊனாத என்று உங்கள் இரண்டு பேரையும் நான் போட்ட சத்தம் கொஞ்சநஞ்சமா. அந்த நடைதான் அவளை அங்கே சேர்த்தது. ஆறு வருஷமாக நானும் அதே நினைப்பில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

பெங்களூர் போனதும் எனக்கு முதல் சண்டை கொண்டையில் வந்தது. நான் ஊரில் இருந்தே தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரிக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன், அங்கே ஒரு அம்மா, அவர் பிள்ளையும் போட்டிக்கு வந்ததுதான், ஐயோ ஆயிலா என்று மூக்கைச் சுளித்தார். எண்ணெய்தாங்க, உங்க டப்பாவுல இருக்கிறதும் எண்ணெய்தான், விலை மட்டும்தான் வேற என்று சொல்லிவிட்டேன். பாப்பா என் கையைக் கிள்ளினாள். அவள் போட்டுக்கொள்கிற பாவாடை இருக்கிறதே, இடுப்பில் இருந்து நாலாபக்கமும் முறம் மாதிரி விறைத்து நிற்கிறது, பஸ்ஸில் அதை மடிக்கவும் முடியாமல் மடியில் வைக்கவும் முடியாமல் திண்டிவனத்தில் இருந்து தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு போனேன். மேடையில் ஆடுவது மறுநாள்தான், முதல் நாள் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக நிற்க வைத்துப் பாடம் நடத்தி நடுவர்கள் பார்ப்பார்களாம். வயசான நடுவர் ஒருத்தர் பாப்பாவிடம் வந்து மூன்று தடவை குனிந்து அவள் குதியைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். நான் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்த பாப்பா முகம் செத்துப் போயிருந்தது. என்னடி என்றால் சொல்லவில்லை, கத்ரீன் அம்மாதான் சொன்னார். நடக்கிறதுக்கு விரல் முன்னால் வருவது சரிதானாம். ஆனால் எகிறிவிட்டுக் கீழே இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் குதி தரையில் படிய வேண்டுமாம், இல்லாவிட்டால் கணுக்கால் உடம்பைத் தாங்காமல் இரண்டு வருஷத்தில் கெட்டுப்போகுமாம். இந்தப் பிள்ளைக்கு எல்லாம் இருக்குது, குதி மட்டும் கீழே வரமாட்டேன்னு சொல்லுது, நானும் வருஷக்கணக்கா சொல்லிப் பாத்துட்டேன் என்றார். குதி என்றாலும் எகிறு, குதி என்றாலும் குதிகால், உங்கள் தமிழில் நான் எதைச் சொன்னாலும் இவள் எகிறத்தான் செய்கிறாள் என்று தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரம் பார்த்து பாப்பா திரும்பி, எனக்குப் புரியாம இல்லம்மா, எகிறி எறங்குற நேரத்துல எல்லாம் உன் குரல்தான் காதுல கேக்குது, குதி ஊனாதன்னு, நான் என்ன பண்றது என்றாள். ரேணுகா, என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. பெற்ற தாய் நானே அவள் காலில் கட்டிவிட்ட கயிறு அது.

அப்புறம் அவளை எழுப்பி, நாங்கள் தங்கியிருந்த இடத்தின் வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாயங்காலம், எல்லா அம்மாக்களும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தை மாசம் புதுப் பாத்தி போடும்போது என்னாடி பண்ணுவோம் என்று கேட்டேன். மிதிப்போம் என்றாள். எப்பிடி மிதிப்போம். குதிய ஊனி, களிமண்ணு கெட்டியாவுற வரைக்கும் என்றாள். அதேதான், இது உப்பு வார்ற மாசம் இல்லடி, இது மிதி மாசம், உங்கம்மா சொல்றேன் ஊனு என்றேன். அவள் எகிற எகிற நான் ஊனு, ஊனு என்று அளத்தில் போடுகிற அதே சத்தத்தில் கத்தினேன். டீ குடித்த அம்மாக்கள் எல்லாம் டம்ளரை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். முதலில் பத்துக்கு ஒன்றுதான் படிந்தது. இருட்டுவதற்குள் பத்துக்கு எட்டு படிந்தது, அவளுக்குக் கால் நடுங்கியது, எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

மறுநாள் மேடையில் ஒன்றரை நிமிஷம்தான் ஆட்டம். எல்லாரும் அவள் கையையும் முகத்தையும் பார்த்திருப்பார்கள், நான் குதியைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. மொத்தம் ஏழு எகிறல். முதலாவது படிந்தது. இரண்டாவது படியவில்லை. என்னையும் மறந்து ஊனு என்று கத்திவிட்டேன், பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் உஸ் உஸ் என்றார்கள். மிச்சம் ஐந்தும் பாத்தியில் மிதித்த மாதிரி நச்சென்று படிந்தன. மெடல் வேறு பிள்ளைகளுக்குத்தான் போனது, அதில் எனக்கு வருத்தம் இல்லை, அவர்கள் நன்றாகத்தான் ஆடினார்கள், மூக்கைச் சுளித்த அம்மாவின் மகள்கூட அழகாக ஆடினாள். எல்லாம் முடிந்த பிறகு அந்த வயசான நடுவரே தேடிக்கொண்டு வந்தார். ஆறு வருஷத் தப்பை ஒரே நாளில் திருத்திக்கொள்கிற பிள்ளை எங்கள் பள்ளிக்கு வேண்டும் என்று சொன்னதாகக் கத்ரீன் அம்மா சொன்னார். பாப்பா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். படிவம் வந்த அன்றைக்குப் பாப்பா உனக்குப் போன் போட்டுச் சொன்னபோது, நீ சந்தோஷப்பட்டாய், அப்புறம் முதல் கேள்வியாக, அப்பா கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டாய். உன் அப்பா பக்கத்தில்தான் நின்றார். தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார். நீ எதை நினைத்துக் கேட்டாய் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நீ ஒன்பதாவது படிக்கும்போது விழுப்புரத்தில் நீளம் தாண்டுவதில் முதலாவதாக வந்தாய், விளையாட்டு ஹாஸ்டலுக்கு உன்னை எடுத்துக்கொண்டார்கள், உங்கள் பி.டி. சார் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். பள்ளிக்கூடத்தில் இருந்து நீ வந்தபோது, உங்கப்பா வேணாம்னுட்டாரு என்று நான் சொன்னேன். அது பொய்யம்மா. உன் அப்பா அன்றைக்கு முகம் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு, பேனா எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றது நான். பாப்பாவுக்கு நாலு வயசு, அளத்தில் உப்பு விளைகிற நேரம், நீயும் போய்விட்டால் அவளை யாரிடம் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போவேன் என்று பயந்துபோனேன். வயசுப் பொண்ணை வெளியூர் அனுப்பலாமா என்று வாயில் வந்ததை எல்லாம் பேசினேன், ஆனால் நிஜக் காரணம் பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொள்ள எனக்கு உன் இடுப்பு வேண்டியிருந்தது. உன் அப்பா போட்ட சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நாந்தான் வேணாம்னேன்னு சொல்லிடு, பொட்டப்புள்ள அம்மாகிட்ட பேசாம இருந்தா யாருகிட்ட போயி பேசும், எங்கிட்ட கோச்சிக்கினா பரவால்ல என்றார். நீ நாலு மாசம் அவரிடம் பேசவில்லை. அப்புறம் பேசினாய், ஆனால் பழைய பேச்சு வரவே இல்லை. அவர் உன்னிடம் ஏன் வெயிலையே பேசுகிறார் என்று நினைக்கிறாய், வேறு எதைத் தொட்டாலும் அங்கே போய் முட்டும் என்றுதான்.

பெரியவளுக்குப் போடாத கையெழுத்தைச் சின்னவளுக்குப் போட எனக்குக் கை வரவில்லை. உன் இடுப்பில் வளர்ந்த பிள்ளை பறக்கப் போகிறது, உன்னை நான் தரையில் பிடித்து வைத்தேன். உனக்கு உண்மையைச் சொல்லாமல் அந்தப் படிவத்தைத் தொடக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். உன் அப்பா, இப்ப எதுக்கு அதையெல்லாம் கெளர்ற, புள்ள நிம்மதியா இருக்கட்டும் என்றார். நிம்மதி எனக்கும் அவருக்கும்தான் இல்லை. நீ கோபித்துக்கொள், நாலு மாசம் வேண்டுமானாலும் என்னிடம் பேசாமல் இரு, அந்த நாலு மாசம் எனக்கு வர வேண்டியதுதான். ஆனால் உன் அப்பாவைக் கூப்பிட்டு வெயிலைத் தவிர வேறு எதையாவது பேசு, அது போதும்.

இன்னும் ஒன்று. நீ வரப்போரம் மணலில் தாண்டிப் பழகும்போது விழுந்த இடத்தில் உன் இரண்டு குதியும் ஆழமாகப் பதிந்திருக்கும், உன் அப்பா அங்கே ஒரு குச்சி நட்டு வைப்பார். நான் அவ்வளவு கத்தியும் குதியை ஊன்றினவள் நீ ஒருத்திதான். இப்போது வீடியோவில் பார்க்கிறேன், அங்கே போய் மூன்று வருஷமாகிறது, இன்னும் சூட்கேஸில் இருந்துதான் துணி எடுக்கிறாய், நின்றுகொண்டே சாப்பிடுகிறாய், நாளைக்கே போகிறவள் மாதிரி இருக்கிறாய். யார் தரையோ அழுக்காகிவிடும் என்று நடக்காதே கண்ணு. ஒரு அலமாரி வாங்கு, உட்கார்ந்து சாப்பிடு, உனக்கு என்ன ஆசையோ அதைச் செய், அம்மா தடுக்கமாட்டேன். பாப்பாவுக்குக் குளிருக்குக் கம்பளிக் காலுறை வேண்டுமாம், ஆறாம் நம்பர் கால், மறந்துவிடாதே. நீ எந்த ஊரில் நின்றாலும் அந்த மண் உனக்கு இளகாமல் இருக்கட்டும், கைகால் சுகத்தோடு மனசும் நிறைந்து நீ நன்றாக இரு.

எழுதி முடித்துவிட்டேன். அரிசி டப்பாவின் மேலே இருந்த படிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், இதே பேனாதான். முதலில் இங்கே உனக்குக் கையெழுத்துப் போடுகிறேன், அப்புறம் அதில். பத்து வருஷம் லேட்டாகிவிட்டது, வாங்கிக்கொள்.

உன் அம்மா,
அ. வேலம்மாள்