சாரதாவின் அப்பாவுக்கு

ரிங்லெட்,
7.3.1983

சாரதாவின் அப்பாவுக்கு அம்சவல்லி எழுதுவது.

நாங்கள் இருவரும் இருக்கிறோம். நீங்கள் கியா பார்முக்குப் போன இந்த ஏழு வருஷத்தில் நலமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் சொல்லி அனுப்பியதில்லை. சாரதாவுக்கு இருபத்தொன்று முடிந்துவிட்டது. ஃபேக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கிறாள். உங்கள் முன்கோபம் அப்படியே வந்திருக்கிறது.

எழுதக் காரணம் வேறு. ஜூன் மாதத்துக்குள் நான் நாட்டை விட்டுப் போகவேண்டுமாம். குடிநுழைவு ஆபீஸிலிருந்து கடிதாசி வந்திருக்கிறது. உங்களைக் கட்டிக்கொள்ளக் கப்பலேறி வந்தபோது இங்கே தங்கக் கொடுத்த பாஸை நீங்கள்தான் ஈப்போவுக்குக் கொண்டுபோய்ப் புதுப்பிப்பீர்கள். நீங்கள் போன பிறகு அந்த நினைப்பே யாருக்கும் இல்லை. கொழுந்து பறிக்கப் போகிறவளுக்குப் பாஸா ஞாபகம் இருக்கும்?

தாப்பாவிலிருந்து ஹாஜரா டீச்சர் ஞாயிறுதோறும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார். காகிதம் இல்லாதவர்களுக்கு உதவுகிற சங்கத்துக்காரர். காசு வாங்குவதில்லை. "குடிமகனோட பெண்டாட்டின்னு காட்டினா இங்கேயே இருக்க வழி இருக்குலா. ஆனா நீங்க கோயில்ல தாலி கட்டிக்கிட்டது அரசாங்கத்துக்கு எப்படித் தெரியும்? ரெண்டு பேரும் போய்ப் பதியணும்" என்கிறார்.

24ஆம் தேதி வியாழக்கிழமை காலையில் தானா ராத்தா பதிவு ஆபீஸுக்கு குடிமகன் என்று காட்டும் உங்கள் நீல ஐசி அட்டையோடு வாருங்கள். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். வீட்டுக்குக் கூப்பிடவில்லை, பயப்பட வேண்டாம். ஊரில் அப்பாவும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டார். அங்கே போய் யார் வாசலில் நிற்பேன்?

அம்சவல்லி

*

கியா பார்ம்,
15.3.1983

அன்புள்ள அம்சவல்லிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று பயந்துவிட்டேன்.

இங்கே மழை விடவில்லை. முட்டைக்கோஸ் லோரி ஓடாத நாளே கிடையாது, முதலாளி தவுக்கே லேசில் லீவு தரமாட்டார். ஆனாலும் வருகிறேன். இதைக்கூடச் செய்யாவிட்டால் நானும் ஒரு மனுஷனா? சாரதாவையும் கூட்டி வா. பார்க்க ஆசையாக இருக்கிறது.

சாம்பசிவம்

*

ரிங்லெட்,
25.3.1983

சாரதாவின் அப்பாவுக்கு,

நானும் ஒரு மனுஷனா என்று நீங்களே கேட்டிருந்தீர்கள். பதில் நான் சொல்லவில்லை.

நேற்று டீச்சர் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு பிளாஸ்கில் தேத்தண்ணியோடு வந்து பதிவு ஆபீஸில் எங்களோடு உட்கார்ந்திருந்தார். மேலேயிருந்து பஸ் வரும்போதெல்லாம் சாரதா எழுந்து எழுந்து பார்த்தாள். மத்தியானத்துக்கு மேல் எழவில்லை.

கவுன்டரில் இருந்தவன் என் புருஷன் பெயர் என்ன என்று கேட்டான். எனக்கு வாயில் வரவில்லை. சொன்னால் உங்கள் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி வளர்த்த வாய் இது. சாரதாதான் சொன்னாள்.

டீச்சர் விடவில்லை. பெரிய அதிகாரியிடம் போய்ப் பேசி, இன்னும் மூன்று மாதம் தவணை வாங்கிக் கொடுத்தார். செப்டம்பர் வரைக்கும் மூச்சு விடலாம். எனக்கு அலுத்துவிட்டது. வருவீர்களா மாட்டீர்களா, ஒரு வரி எழுதுங்கள்.

அம்சவல்லி

*

கியா பார்ம்,
10.4.1983

அம்சவல்லிக்கு,

வந்தேன். பிரிஞ்சாங் வரைக்கும் வந்து லோரியைத் திருப்பிவிட்டேன்.

ருக்குமணி என்னோடு இருப்பது உனக்குத் தெரியும். அவளுக்கும் காகிதம் இல்லை என்பது தெரியாது. பிரிஞ்சாங்கில் மைதீன் சாப்பாட்டுக் கடையில் வேலைக்கென்று ஊரிலிருந்து வந்தவள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்ட ஏஜென்ட் ஓடிவிட்டான். இப்போது சின்னதுகள் இரண்டு.

ஒருத்தனுக்கு ஒரு பெண்டாட்டியைத்தான் பதிவார்களாம். உன்னைப் பதிந்தால் அவளை அனுப்பிவிடுவார்கள். அவளைப் பதிந்தால் உன்னை. எனக்குத் தூக்கமே இல்லை. நீ விவரமானவள். என்ன செய்யட்டும், நீயே சொல்லிவிடு.

சாம்பசிவம்

*

ரிங்லெட்,
4.9.1983

சாம்பசிவம் அவர்களுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை டீச்சரிடம் காட்டினேன். அவருக்கு வந்ததே கோபம்! "இந்த ஆளோட ஒரு கையெழுத்துல ரெண்டு பொம்பளைங்க தொங்கிக்கிட்டு நிக்கணுமா? வேற வழி பாப்போம்லா" என்றார். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு சாரதாவின் பிறப்புப் பத்திரம், அவள் பள்ளிக்கூடச் சீட்டு, என் கிளினிக் அட்டை எல்லாம் பொறுக்கினார். தோட்டத்துத் துரையிடமும் ஒரு கடிதம் வாங்கினார். இங்கே பிறந்த மகளின் பொறுப்பில் இருக்கும் தாய் என்று மனு போட்டோம்.

ஒரு வருஷம் இருக்க அனுமதி கொடுத்திருக்கிறார்கள். பெண்டாட்டி என்று போயிருந்தால் நிரந்தரமாகவே கிடைத்திருக்கலாமாம். இதற்கு வருஷா வருஷம் போய் நிற்கவேண்டும். நிற்கிறேன். உங்களுக்காகக் காத்து நின்றதற்கு இது எவ்வளவோ மேல்.

பதியாவிட்டாலும் நம் கோயில் கல்யாணம் செல்லுமாம்; அதைச் சட்டப்படி ரத்து செய்யச் சங்கத்து வக்கீல் மனு போடுகிறார். கூப்பிடுகிற நாளில் ஈப்போவுக்கு வந்து சேருங்கள். பிறகு ருக்குமணியைப் பதிந்துகொள்ளலாம். உங்கள்மேல் இரக்கப்பட்டுச் செய்யவில்லை. இத்தனை மாதம் எப்போது ஏற்றி அனுப்புவார்களோ என்று பயந்து பயந்து சோறு தின்றவள் நான். அதைத் தூக்கி இன்னொருத்தி தலையில் வைக்க மனசு வரவில்லை.

அடுத்த ஞாயிறு டீச்சர் பிரிஞ்சாங் வருகிறார். ருக்குமணியை மைதீன் கடையில் இருக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம், எதையும் விடாமல் எடுத்து வரட்டும். நான் கொண்டுவந்து தருகிறேன் என்று நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டாம். அவளே கொண்டுவரட்டும்.

அனுமதி வாங்கப் போன அன்றும் கவுன்டரில் புருஷன் பெயர் கேட்டான். சாரதா வாயைத் திறப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன். சாம்பசிவம் என்று, நன்றாகச் சத்தமாகவே. ஒன்றும் ஆகவில்லை. உங்களுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

அம்சவல்லி