பெங்களூரில் நான் சொன்ன பொய்

அருளண்ணா,

மூன்று வருஷமாய் உனக்கு எழுத நினைத்து, பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எழுத்து கோணலாய் இருந்தால் திட்டாதே.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத்தோல் புரட்டிக்கொண்டிருந்த உன்னைப் பந்துதானே வெளியே கூட்டிப்போனது? ஷாப்பு டீமில் நீ ஆடியதைப் பார்த்துவிட்டு ஜோலார்பேட்டை ரயில்வேக்காரர்கள் கூப்பிட்டார்கள். பேருக்கு ஒர்க் ஷாப் வேலை, நிஜத்தில் கால்பந்தாட்டம். மதராஸ், கள்ளிக்கோட்டை, கோலார், ஒரு தடவை கப்பலேறி ரங்கூன். எந்த ஊரானாலும் உன் இடம் மைதானத்தின் நடுதான். பூட்ஸ் போட்ட வெள்ளைக்கார சோல்ஜர்களுக்கு மத்தியில் வெறுங்காலோடு நின்று, யாருக்குப் பந்து வேண்டுமென்று அவன் கேட்கும் முன்பே கொடுத்துவிடுவாய். அதே டீமில் ஓரத்தில் ஆட எனக்கும் இடம் கிடைத்தபோது, எனக்கென்ன பயம், அண்ணன் இருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கோலாரில் ஆடிய அன்றைக்கு மழை. ஊறிப்போன பந்துக்கு நீயும் ஒரு சோல்ஜரும் ஒன்றாய் எகிறினீர்கள். மண்டையோடு மண்டை மோதிய சத்தம் ஓரத்தில் நின்ற எனக்கே கேட்டது. நீ எழுந்து கடைசி வரைக்கும் ஆடினாய். திரும்பும்போது ரயிலில், கையைக் கண்ணெதிரே விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தாய்.

"இன்னாண்ணா?" என்றேன்.

"எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுடா. யார்கிட்டயும் சொல்லாத. சொன்னா நடுவுல வேற ஆள நிறுத்திடுவாங்க. அண்ணிகிட்ட மூச்சு விடாத."

நான் மூச்சு விடவில்லை.

ஆறாம் நாள் பெங்களூர். உயரமாய் வந்த பந்தைத் தலையால் தட்டிவிட்டு நாலு அடி நடந்தாய். முள் குத்தியவன் மாதிரி புல்லில் உட்கார்ந்தாய். அப்படியே சாய்ந்தாய். ஓடிவந்த டாக்டர் உன் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "இதுக்கு முன்னால தலையில அடி பட்டுதா?"

"இல்லீங்க" என்றேன்.

ஏன் சொன்னேன், அண்ணா? நீ எழுந்து வந்து கோபிப்பாய் என்றா? பொழுது சாயும் முன்பே நீ போய்விட்டாய்.

அப்புறம் உன் இடத்தில் என்னை நிறுத்தினார்கள். நீ போன ஊருக்கெல்லாம் நானும் போனேன். பந்து மேலே எழும்பினாலே நான் விலகிவிடுவேன். தலை கொடுக்காமல் தப்பிக்கவே பந்தைத் தரையோடு தரையாய் ஆடப் பழகினேன். "தம்பி ஆட்டம் அண்ணனவிட அழகு" என்று மதராஸில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். அது வெறும் பயம் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

போன ஞாயிற்றுக்கிழமை, ஜோலார்பேட்டையில் நம் மஸ்தான் கோல் கம்பத்தில் தலையை மோதிக்கொண்டான். உன் பின்னால் நின்று ஆடுவானே, அதே மஸ்தான்தான். பாதி ஆட்டத்தில் வாந்தி எடுத்தான். பக்கத்தில் போனேன்.

"நீ ரெண்டு பேரா தெரியிற தோஸ்த்" என்று சிரித்தான். "வாய மூடிக்கினு இரு."

நேரே கேப்டனிடம் போய்ச் சொன்னேன். "தண்ணி குடுத்தா சரியாய்டும்" என்றார். "இவன் எறங்குனா நான் எறங்க மாட்டேன்" என்று மஸ்தானின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது பேராய் ஆடித் தோற்றோம். இனி வெளியூர் ஆட்டத்துக்கு எனக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மஸ்தான் வேலூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இரண்டு நாள் கண்ணே திறக்கவில்லை. இப்போது பேசுகிறான், பிழைத்துவிடுவானா என்று கேட்டால் இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்கிறார் டாக்டர்.

நேற்று அண்ணி அவனைப் பார்க்க வந்தார்கள். வெளியே வராந்தாவில் என்னிடம் கேட்டார்கள், "இவருக்காகப் பயந்த மாதிரி உங்க அண்ணனுக்காக ஏன் பயப்படல?"

எல்லாவற்றையும் சொன்னேன். கோலார், ரயில், டாக்டரிடம் சொன்ன பொய், எல்லாம். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள்.

"எங்கிட்டயும் சொன்னாரு" என்றார்கள். "எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது, தம்பிக்குத் தெரிய வேணாம், பயந்துடுவான்னாரு. போவாதீங்கன்னு ஒரு வார்த்த நான் சொல்லல. ஏன் தடுக்கலன்னு நீ என்னிக்கு வந்து கேப்பியோன்னு மூணு வருஷமா உன்னப் பாக்கவே பயந்தேன்."

எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னாயே, அண்ணா. யாராவது ஒருத்தர் தடுக்க மாட்டார்களா என்றுதான் சொன்னாயா?

இனி யார் தலையில் அடிபட்டாலும், என் தலையே ஆனாலும், வாயை மூட மாட்டேன். நாளைக் காலையில் அண்ணியும் நானும் ஒன்றாய் உன் கல்லறைக்கு வருகிறோம்.

பயம் இன்னும் தீராத
உன் தம்பி
இருதயராஜ்