வலியை மட்டும் இங்கிலீஷில் சொன்னவளுக்கு

இன்று காலை ஊசி போடும் அறைக்குள் நீலகிரித் தைலத்தின் வாசனை வந்தது. சட்டென்று திரும்பிவிட்டேன். நீதான் வந்து நிற்கிறாய் என்று ஒரு நொடி நினைத்த என் புத்தியை என்ன சொல்ல! நின்றது உன் அம்மா. பஸ்ஸில் குமட்டும் என்று கைக்குட்டையில் அந்தத் தைலத்தை விட்டு மூக்கருகே வைத்துக்கொள்வாயே, அது அவரிடமிருந்து வந்த பழக்கம் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். பிரஷர் பார்க்க வந்ததாகச் சொன்னார். அரியலூரில் பிரஷர் பார்க்க ஆள் இல்லையென்றா பெரம்பலூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டு வருவார்கள்? நீ போனதிலிருந்து உன் அம்மாவை நேருக்கு நேர் பார்க்கப் பயந்துகொண்டிருந்தவள் நான். காரணம் உனக்குத் தெரியும். நீதானே காரணம்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன பரீட்சையில் ஆரம்பித்தது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போக வேண்டும் என்ற கிறுக்கு முதலில் உனக்குத்தான் பிடித்தது. பரீட்சையில் ஒருவர் நோயாளியாக நடிப்பார், நாம் நர்ஸாகப் பேச வேண்டும். நர்சிங்கையே இங்கிலீஷில்தானே படித்தோம், இதென்ன பிரமாதம் என்று நான் மிதப்பாக இருந்தேன். செல்போனில் மாதிரிப் பேச்சைப் போட்டுக் கேட்டதும் மிதப்பெல்லாம் வடிந்துவிட்டது. அந்த ஊர் நோயாளிகள் நம் புத்தகத்தைப் படித்ததே இல்லை போலிருக்கிறது. வாந்தி எடுத்தால் 'த்ரோ அப்' என்கிறார்கள். மயங்கி விழுந்தால் 'பாஸ் அவுட்', தெளிந்து எழுந்தால் 'கம் ரவுண்ட்'. மருந்தின் வேகம் குறைந்துபோனால் அது 'வேர் ஆஃப்' ஆகிவிட்டதாம்.

"ஒரு வேலைக்கு ஒரு வார்த்தை போதாதா இவனுங்களுக்கு? அப்புங்கிறான், ஆஃபுங்கிறான், அவுட்டுங்கிறான். எதுக்கு எதைச் சேக்கிறதுன்னு யாருக்குடி தெரியும்?" என்று நாம் இருவரும் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸிலேயே கத்தினேன்.

நீ சிரித்தாய். "நாம மட்டும் என்னவாம்? பாருன்னு ஒரு வார்த்தை. பாத்துப் போங்கிறோம், பாத்துக்கங்கிறோம், பாத்துட்டு வாங்கிறோம். எல்லாம் ஒண்ணா? அவங்க பின்னாடி ஒரு வாலு ஒட்டுறாங்க, நாமளும் ஒட்டுறோம். அப்புறம், பஸ்ஸு பிரேக்டவுன், கரண்டு ஷட்டவுன், ஸ்கூல் வேன் பிக்கப்புன்னு உங்க வூட்டுல யாரும் சொல்றதே இல்லையா? பாதி உனக்கு ஏற்கெனவே தெரியும். சும்மா பயந்து சாவாத."

அன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் ஒத்திகை. சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் நம் பஸ் ஊர்ந்துகொண்டிருக்க, நீ நோயாளி, நான் நர்ஸ். ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, 'ஐ கீப் த்ரோயிங் அப், சிஸ்டர்' என்று முகத்தைச் சுளித்துக் கண்ணில் தண்ணீரே வரவழைத்தாய். செட்டிகுளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு அம்மா பதறிப்போய்த் தன் பையிலிருந்த துணிமணிகளை மடியில் கொட்டிவிட்டு, காலிப் பிளாஸ்டிக் பையை உன்னிடம் நீட்டினார்.

"இந்தப் புள்ளையச் சன்னல் பக்கம் வுடுங்க! பாத்துக்கிட்டே இருக்கீங்களே!"

"ஒண்ணுமில்லைங்க, பரீட்சைக்குப் படிக்கிறோம்" என்றேன்.

"வாந்தி எடுக்கவா படிக்கிறீங்க?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நீ மட்டும் சிரிக்காமல், அந்தப் பையை மரியாதையாக மடித்து, நன்றி சொல்லி அவரிடமே திருப்பிக் கொடுத்தாய். அப்படி ஒரு கல்லுளிமங்கி.

பிறகு உன் வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. கடைசியில் நம் வார்டிலேயே, நாம் விரிப்பு மாற்றிய கட்டில்களில் ஒன்றிலேயே வந்து படுத்தாய். எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நோய்மேல் வர வேண்டிய கோபம், அது கையில் சிக்காததால் உன்மேல் வந்தது.

ஒருநாள் உன் அம்மா உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். நீ என்னைப் பார்த்து, மணி என்ன என்று கேட்பதுபோல, 'இட்ஸ் வேரிங் ஆஃப்' என்றாய். முதலில் ஒத்திகை பார்க்கிறாய் என்றுதான் நினைத்தேன். போர்வையைப் பிடித்திருந்த உன் விரல்களைப் பார்த்தபோதுதான், வலிமருந்தின் வேகம் குறைகிறது என்கிறாய் என்று உறைத்தது.

"என்னா சொல்றா?" என்று அம்மா கேட்டார்.

"ஃபேனக் குறைக்கச் சொல்றாம்மா" என்றேன். குறைத்துவிட்டு, ஊசி மருந்துக்கு டாக்டரிடம் ஓடினேன்.

அதன்பின் அதுவே நம் வழக்கமாகிவிட்டது. அம்மாவுக்குத் தெரியக்கூடாததெல்லாம் இங்கிலீஷில். 'ஐ கான்ட் புட் அப் வித் இட்' என்பாய், இனித் தாங்க முடியாது என்று அர்த்தம். நான் அம்மாவிடம், போர்வை வேண்டாமாம் என்பேன். நீ இங்கிலீஷில் வாயைத் திறந்தாலே அவர், "நான் டம்ளரக் கழுவிட்டு வரேன்" என்று எழுந்து போய்விடுவார். நல்லவேளை, ஒன்றும் தெரியாத மனுஷி என்று நினைத்துக்கொள்வேன். நீயும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனாய்.

இன்று பிரஷர் பார்த்துவிட்டுக் கையிலிருந்த பட்டையைக் கழற்றினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு கேப்பேன். மறைக்காம சொல்லணும்."

"கேளுங்கம்மா."

"அவ இங்கிலீசுல பேசுனா வலிக்குதுன்னு எனக்குத் தெரியும். மொத நாளு நீ ஃபேனக் குறைச்சிட்டு ஓடுனியே, அப்பவே தெரியும்."

"அப்ப ஏம்மா ஒண்ணுமே கேக்கல?"

"நான் அங்க நின்னா அவ எப்படி வாயத் தொறந்து சொல்லுவா? எனக்குத் தெரியக்கூடாதுன்னுதானே புள்ள அவ்ளோ பாடுபட்டா. அதான் கழுவுன டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவுனேன்."

ஏன் என்னை ஏமாற்றினாய் என்று கேட்பார் என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் கேட்டது அதுவல்ல.

"கடைசி நாள் காலையிலயும் இங்கிலீசுலதான் பேசுனா. நான் வழக்கம்போல வெளிய போயிட்டேன். வந்து பாத்தா கண்ண மூடியிருந்தா, அப்புறம் தொறக்கவே இல்ல. எம்புள்ள வலியோட போறப்ப நான் குழாயடியில டம்ளர் கழுவிக்கிட்டு நின்னுருக்கேன். படுத்தா அதான் நெனப்பு வருது. அன்னிக்கு அவ என்னாம்மா சொன்னா?"

அந்தக் காலையை யோசித்துப் பார்த்தேன். எதிர்க்கடையில் அம்மா ஆசையாய் வாங்கி வந்த காபி பிளாஸ்கில் இருந்தது. நீ பிளாஸ்கைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். 'ஐ ஆம் டிராப்பிங் ஆஃப். டோன்ட் வேக் மீ அப் ஃபார் தட் காபி' என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆமாம், இன்று காலை, உன் அம்மா முன்னால், அந்த இடத்தில் சிரித்துவிட்டேன்.

"தூக்கம் வருது, அந்தக் காபிக்காக என்னை எழுப்பாதேன்னு சொன்னாம்மா. அவ்வளவுதான்."

"வலிக்குதுன்னு சொல்லலையா?"

"இல்லம்மா. ஊசி நல்லா கேட்டிருந்துச்சு. முகம் தெளிவா இருந்துச்சு."

"அப்புறம் ஏன் இங்கிலீசுல சொன்னா?"

"நீங்க சக்கரைய அள்ளிப் போடச் சொல்லி வாங்கிட்டு வந்துருந்தீங்க. வேணாம்னா உங்களுக்கு மனசு கஷ்டமாயிடும்ல."

அம்மா என்னையே பார்த்தார். பொய் சொல்கிறேனா என்று தேடிய பார்வை அது. என் பொய் முகத்தைத்தான் வார்டில் அத்தனை நாள் பார்த்துப் பழகியிருக்கிறாரே! இது அந்த முகம் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். "அடிப்பாவி, என் காபிக்குப் பயந்தா இங்கிலீசு பேசுனா?" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையானது, மறுபடி சிரிப்பானது. ஊசிக்குக் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அப்ப தூங்கத்தான் போனா."

"தூங்கத்தாம்மா போனா."

அப்பாடா என்று இருந்ததுடி. அவருக்கா எனக்கா என்று தெரியவில்லை. நீ சொன்னதை ஒரு சொல்கூட மாற்றாமல் உன் அம்மாவிடம் நான் சொன்னது இதுதான் முதல் முறை.

பஸ் ஏற்றிவிடப் புது பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். படியில் கால் வைத்தவரிடம், "மத்த நாளெல்லாம் என்ன சொன்னான்னு சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"வேணாம். அத உன்னை நம்பித்தானே சொன்னா. உங்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய் உட்கார்ந்தார்.

இருக்கிறதுடி. பத்திரமாக இருக்கிறது.